போர்வையில் ஒட்டிய இழைகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நூலக்கா என்று பெயர். இறந்தவர் துணியிலும் பிடிபட்டவர் துணியிலும் கிடைக்கும் இழைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பதினாறு வருடமாக அவள் வேலை. வீட்டில் ஊசியில் நூல் கோக்கக் கணவரைக் கூப்பிடுவாள் என்பது வேறு கதை.

தனியாக வாழ்ந்த ஒரு டீச்சர் கழுத்து நெரிபட்டு இறந்து கிடந்தார். அவர் போர்த்தியிருந்த போர்வையை டேப்பால் ஒற்றி எடுத்ததில் பதினொரு மெரூன் இழைகள் கிடைத்தன. அடுத்த தெரு பிளம்பரின் ஸ்வெட்டர் இழைகளோடு நிறம், தடிமன், சாயம் எல்லாம் ஒத்துப்போயின. 'இந்த ஸ்வெட்டரிலிருந்தோ, இதேபோன்ற வேறொன்றிலிருந்தோ வந்திருக்கலாம்' என்று அவள் அறிக்கை எழுதினாள். அந்த வீட்டு வாசலையே மிதித்ததில்லை என்று பிளம்பர் சாதித்தான்.

கோர்ட்டில் அரசு வக்கீல் போர்வையைப் பிரித்துக் காட்டினார்.

"இழை ஒத்துப்போகுதா, இல்லையா?"

"ஒத்துப்போகுது. ஆனா அதை வச்சு..."

"கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும்மா."

பிளம்பரின் வக்கீல் குறுக்கு விசாரணை இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். நூலக்கா கூண்டிலிருந்து இறங்கினாள்.

வராந்தாவில் பிளம்பரின் மனைவி ஓடிவந்து வழியை மறித்தாள். "மேடம், பச்சைக் கரை போட்ட அந்தப் போர்வைய இப்பத்தான் பார்க்கறேன். நான் வேலை செய்யற சலவைக் கடைக்கு வந்ததுதான். நான்தான் மடிச்சேன்."

"மடிக்கும்போது என்ன போட்டிருந்தீங்க?"

"குளிருதுன்னு அவரு ஸ்வெட்டரத்தான் போட்டிருந்தேன்."

மார்போடு அணைத்து மடித்த போர்வையில் பதினொரு இழை ஒட்டுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நூலக்கா பிளம்பரின் வக்கீலைத் தேடிப் பிடித்து, இழை இப்படியும் வந்திருக்கலாம், தன்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மனு போடுங்கள் என்றாள். அவர் போட்டார். ஆனால் சலவைக் கடை முதலாளி ஒரு மாதத்துக்கு மேல் சீட்டை வைத்திருப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார். பெண்டாட்டி புருஷனுக்காக எதையும் சொல்வாள் என்று மனு தள்ளுபடியானது.

நூலக்கா தன் மேலதிகாரியிடம் போனாள். "உன் அறிக்கையில தப்பு இருக்கா?" என்றார்.

"இல்ல சார். அதைப் புரிஞ்சுக்கிட்டதுலதான் தப்பு."

"அது நம்ம வேலை இல்லையேம்மா."

இருந்தும் இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். வாங்கி ஃபைலில் கோத்தார்கள்.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கிறான், நீ ஏன் இப்படிக் கிடந்து தவிக்கறே?" என்றார் கணவர்.

"தின்னது யாருன்னே தெரியலையேங்க. அவனாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல விட மாட்டேங்கறாங்க."

ஆயுள் தண்டனை. தீர்ப்பில் அவள் எழுதிய வாக்கியத்தின் முன்பாதி மட்டும் இருந்தது.

மாதம் ஒருமுறை பிளம்பரின் மனைவி போன் செய்கிறாள். திட்டுவதில்லை. திட்டினால்கூடத் தேவலை.

"அப்பீல்ல உங்களைக் கூப்பிடுவாங்களா மேடம்?"

"கூப்பிட்டா வரேன்மா."

அந்தப் பக்கம் போனை வைக்கும்வரை நூலக்கா காதிலேயே வைத்திருப்பாள்.