முர்டோ சிரித்த கதை

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, என் கணவன் முர்டோவின் பின்புறத்தை அபர்ஃபெல்டி ஊரே பார்த்துவிட்டது. நானும்தான் பார்த்தேன், அக்கா எல்ஸ்பெத்தின் சமையலறையில், அவளுடைய போனில்.

முர்டோ வாரம் முழுக்க பிளம்பர். சனிக்கிழமைகளில், எங்கள் ஊர் ஆண்கள் கட்டுகிற மடிப்புப் பாவாடையான கில்ட் கட்டிக்கொண்டு, கல்யாணங்களில் பேக்பைப் என்கிற பை வைத்த ஊதுகுழல் வாசிப்பான். அந்தச் சனிக்கிழமை ஆற்றோரத்து ஹோட்டலில் ஒரு கல்யாணம். மணப்பெண் காரைவிட்டு இறங்கிப் புல்வெளியைக் கடந்து வந்து சேரும்வரை அவன் வாசிக்க வேண்டும். வீடியோவில் பச்சை உடுப்புப் போட்ட ஒருத்தி, ஒரு கையில் ஒயின் கிளாஸோடு, பூனை மாதிரி அவன் பின்னால் வருகிறாள். கில்ட்டின் மடிப்பைப் பிடித்து முதுகுவரை தூக்குகிறாள். தூக்கியபடியே நிற்கிறாள். கூட்டம் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறது. பதினொன்றுவரை எண்ணினார்கள்.

பைப் வாசிக்கிறவனுக்கு இரண்டு கையும் துளைகளில் இருக்கும், வாய் குழாயில், முழங்கை பையில். ஒரு கையை எடுத்தாலும் பாட்டு அறுந்துவிடும், மணப்பெண் பாதிப் புல்வெளியில் நின்றுவிடுவாள். முர்டோ கையை எடுக்கவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சுருதி கொஞ்சம் இறங்கியது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. கேட்டும், கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

"உன் ஆள் அசரவே இல்லையே, பாரேன்," என்றாள் எல்ஸ்பெத். "அவன் பாட்டுக்கு வாசிச்சிட்டு இருக்கான்."

"அவனுக்கு இதென்ன புதுசா?" என்றேன்.

புதிதில்லைதான். கில்ட்டுக்குள் எதுவும் போடாமல் இருப்பதுதான் பழைய வழக்கம். கில்ட் கட்டியவனைப் பார்த்து உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்காத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. பஸ்ஸில் கேட்பார்கள், மதுக்கடையில் கேட்பார்கள். மாதா கோயில் வாசலில் எழுபது வயதுக் கிழவிகள்கூடக் கேட்பார்கள். முர்டோவிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "என் பொண்டாட்டியைக் கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்." உடனே எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் எங்கள் கதையைச் சொல்வேன்.

புது வருஷ நடனம். எனக்கு இருபது வயது. முர்டோவுக்கு இருபத்தொன்று, கூடத்து வாசலில் நின்று வாசித்துக்கொண்டிருந்தான். அவன் கில்ட்டைத் தூக்கிக் காட்டினால் ஒரு பாட்டில் சைடர் மது என்று தோழிகள் பந்தயம் கட்டினார்கள். தூக்கிக் காட்டினேன். அவன் பாட்டை முடித்துவிட்டுத் திரும்பினான், விழுந்து விழுந்து சிரித்தான். "பார்த்தாச்சா? அப்போ என்னோட ஒரு ஆட்டம் ஆடு," என்றான். இதை எங்கள் கல்யாணத்தில் சொன்னேன். இரண்டு பிள்ளைகளின் ஞானஸ்நானத்திலும் சொன்னேன். என் மாமியாரை அடக்கம் செய்துவிட்டு வந்து டீ குடித்தபோதுகூடச் சொன்னேன், துக்கத்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள்.

அன்று மாலை முர்டோவின் வேன் வாசலில் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. இருபது நிமிஷம் கழித்து உள்ளே வந்தான்.

"வீடியோ வந்திருக்குமே. பார்த்தியா?"

"பார்த்தேன். பதினொண்ணுவரைக்கும் தாக்குப் பிடிச்சியே," என்றேன், அவனைச் சிரிக்க வைக்க.

"ஹோட்டல் மேனேஜரம்மாகிட்ட சொன்னேன். குடிச்சிருந்தாங்க, விடுங்க, பாராட்டுன்னு எடுத்துக்கோங்கன்னாங்க." அவ்வளவுதான் சொன்னான். மாடிக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை பாய்லர் பார்க்கப் போன வீட்டில், "இன்னிக்கு பேண்ட்டா? ஏமாத்திட்டியே முர்டோ," என்றாளாம் வீட்டுக்காரி. மதுக்கடையில் அவன் நுழைந்ததும் ஒரு மேஜையே எண்ண ஆரம்பித்ததாம். அடுத்த சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டான். எங்கள் திருமண நாள் விருந்துக்கும் கில்ட் கட்டப் போவதில்லை என்றபோது எனக்குக் கோபம் வந்தது.

"யாரோ ஒருத்தி குடிச்சிட்டு செஞ்சதுக்கு எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவே? நானும்தான் தூக்கினேன். நீ சிரிக்கலையா?"

அவன் சமையலறைத் தொட்டியருகே உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"சிரிக்கல."

"என்ன சிரிக்கல?"

"அன்னிக்கு நான் சிரிக்கல, ரோனா. நீ சொல்லிச் சொல்லித்தான் நான் சிரிச்சதா ஆச்சு."

"அப்போ என்னதான் செஞ்சே?"

"கோட் மாட்டற ரூமுக்குப் போனேன். பைப்பைப் பிரிச்சு வெக்கக்கூட முடியல, அப்படியே உக்காந்துட்டேன். உங்க அக்கா வந்து, இங்கேயே உக்காந்திருந்தா இன்னும் அசிங்கம், வெளிய வான்னா. வந்தேன். ஆட வரியான்னு நீ கேட்டே. எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க. சரின்னேன்."

"ஆட நான் கூப்பிட்டேனா?"

"நீதான்."

அவன் சிரித்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. 'விழுந்து விழுந்து சிரித்தான்' என்று சொல்கிற என் குரல்தான் வந்தது.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"முதல் தடவை இந்தக் கதையை உங்க அப்பாகிட்ட சொன்னே. அவர் என் தோளைத் தட்டி, நீ நல்ல பையன்டான்னார். அதுக்கப்புறம் எப்போ சொல்றது?"

"பிடிக்காமலா என்னைக் கட்டிக்கிட்டே?"

"அது வேற," என்றான் முர்டோ. முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான். "அந்த வருஷம் மார்ச்ல எங்க அப்பா படுத்த படுக்கையா இருந்தப்போ, தினம் வேலை முடிச்சு ரெண்டு பஸ் மாறி வந்தே. அவருக்கு சவரம்கூடப் பண்ணிவிட்டே. அதுக்காகத்தான். அதை நீ ஒருத்தர்கிட்டயும் சொன்னதே இல்ல."

அது சொல்கிற மாதிரி ஒரு கதை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"ஞாயித்துக்கிழமை விருந்துல மட்டும் அந்தக் கதையைச் சொல்லாதே," என்றான். "வேற ஒண்ணும் கேக்கல."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

விருந்து மத்தியானம், பௌலிங் கிளப் கூடத்தில். நாற்பது பேர். ஆண்களில் பாதிப்பேர் கில்ட் கட்டி வந்திருந்தார்கள். முர்டோ சாம்பல் நிறக் கோட்டும் பேண்ட்டுமாக வந்தான்.

"என்னப்பா, பூட்டு போட்டாச்சா?" என்றான் அவன் தம்பி லார்ன்.

"குளிருது," என்றான் முர்டோ.

சூப்பும் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பண்டமும் முடிந்து டிரைஃபிள் இனிப்பு வந்தது. கதை, கதை என்று மேஜையைத் தட்டினார்கள். நான் எழுந்தேன். அந்த மார்ச் மாதத்தைச் சொன்னேன். பஸ் நின்றுபோன பனி நாளில் நடந்தே போனதையும், மாமனாரின் கன்னத்தில் நான் சோப்பு நுரை தடவுவதை முர்டோ கதவருகே நின்று பார்த்ததையும் சொன்னேன். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, பழக்கமில்லை. எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கிண்ணங்களில் ஸ்பூன் படுகிற சத்தம் கேட்டது. ஆனால் முர்டோ கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் சரி, எங்க கதை எங்கே?" என்றது ஒரு குரல்.

"கிழவியாயிட்டா, வெட்கம் வந்துடுச்சு," என்று எல்ஸ்பெத் எழுந்தாள். "உக்காருடி, நான் சொல்றேன்."

அவளிடம் நான் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். முர்டோ சொன்னதை யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்காவுக்கும் உண்மை தெரியும், அந்த அறைக்குப் போனவளே அவள்தான். ஆனால் கேட்டுக் கேட்டு அவளும் என் கதையையே நம்பிவிட்டாள் போல. என் வார்த்தைகளிலேயே சொன்னாள். நான் நிறுத்துகிற இடங்களில் நிறுத்தினாள். 'வேண்டாம் அக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதையில் சைடர் பாட்டில் வருகிற இடத்தில் சொல்லலாம் என்று இருந்தேன். அது வந்தது, போனது. "பார்த்தாச்சா?" என்பதை நாற்பது பேரும் ஒன்றாகச் சேர்ந்து சொன்னார்கள். கூடம் அதிர்ந்தது.

முர்டோ அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் என் முகம் எனக்கே தெரிந்தது. வாய் தானாக விரிந்திருந்தது. சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்திருந்தேன்.

காரில் வீடு திரும்பினோம். பாலத்து முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. ஒரு வண்டிதான் போகமுடிகிற பழைய பாலம், எப்போதும் நேரமாகும்.

"மன்னிச்சுடு முர்டோ."

"இன்னிக்குச் சிரிச்சதுக்கா, அன்னிக்குத் தூக்கினதுக்கா?"

"ரெண்டுக்கும்."

அவன் எதிர்க்கரையிலிருந்து வரிசையாக வந்த கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கே அந்த ரூமுக்கு வந்து இதைச் சொல்லியிருந்தா, அன்னிக்கே மறந்திருப்பேன்," என்றான்.

எந்தச் சண்டைக்கும் கடைசியில் 'சரி, விடு' என்று ஒன்று சொல்வான். இருபத்தைந்து வருஷமாக எங்கள் வீட்டில் எல்லாமே அதோடு முடிந்துவிடும். அதற்காகக் காத்திருந்தேன். விளக்கு பச்சையானது, பாலத்தைக் கடந்தோம், வீடும் வந்துவிட்டது. அவன் சொல்லவில்லை.