கேட்காத தண்ணீர்

நோன்பு மாசத்தில் பின்னேர அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை, பெரியநீலாவணைக் கடற்கரையில் ஒரு தோணி நிழலில் இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து குத்துச்சண்டை கதைப்பார்கள். ஒருவர் தோணிக்காரர் கோணாமலை. மற்றவர் மருதமுனை ஷரிபுதீன். அக்கரைப்பற்று டிப்போவில் முப்பது வருசம் கண்டக்டராக இருந்தவர். பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குச் சட்டியில் இருவருக்குமாகக் கொண்டுவருவார் ஷரிபுதீன். கோணாமலைக்கு நோன்பில்லை. ஆனாலும் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லும்வரை அவர் கஞ்சியைத் தொடமாட்டார். மணலில் குத்தி வைத்திருக்கும் தண்ணீர்ப் போத்தலையும் தொடமாட்டார். நாற்பத்தாறு வருசமாக அப்படித்தான்.

அன்றைக்கு ஷரிபுதீன் ஒரு முடிவோடு வந்திருந்தார். அவருடைய தம்பி மகன் றம்ஸீனுக்கு வருகிற சனிக்கிழமை மட்டக்களப்பில் மாகாண இறுதிச் சண்டை. பயிற்சியாளரோ மோட்டார் சைக்கிளில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மூலையில் நின்று றவுண்டுக்கு றவுண்டு துவாயும் தண்ணீரும் புத்தியும் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். காலையில் றம்ஸீன் வந்து கோணாமலையைக் கேட்டிருக்கிறான். "நான் நிண்ட மூலை ராசியில்ல மகன்" என்று அவர் அனுப்பிவிட்டார். அது ராசியின் பிழையல்ல என்று உலகத்தில் ஷரிபுதீன் ஒருவருக்குத்தான் தெரியும்.

"எதிராளி கந்தளாய்ப் பொடியன் இடக்கையன்," என்று தொடங்கினார் கோணாமலை. "உன்ட றம்ஸீன் இடப்பக்கமாச் சுத்தினாத் தப்புவான். வலப்பக்கம் போனா நேரா அவன்ட கைக்குள்ளதான் போவான்."

"சுத்துவான். அலிட கால் இரிக்கி அவனுக்கு."

"மருதமுனையில பொறந்தவனுக்கெல்லாம் அலிட கால்தான். கைதான் ஆருக்கும் இல்ல."

ஷரிபுதீன் சிரித்தார். "மணிலாவில ஃபிரேசியரோட பதினாலு றவுண்டு நிண்டானே அலி, கையில்லாமலா?"

"அவடத்த கையுமில்ல, காலுமில்ல மச்சான். ரெண்டு பேரும் அரை உசிர். ஃபிரேசியருக்குக் கண்ணே தெரியல்ல. அவன்ட மூலையில நிண்ட கிழவன்தான், 'போதும், இரி மகன்' எண்டு சண்டைய நிப்பாட்டினான். நான் கும்பிடுறதெண்டா அந்தக் கிழவனத்தான். சண்டை தோக்கிறது நடுவில இல்ல. மூலையில."

பேச்சு எந்தச் சண்டையில் தொடங்கினாலும் இங்கே வந்துதான் நிற்கும். அப்போதெல்லாம் ஷரிபுதீன் கடலைப் பார்ப்பார், வேறொரு சண்டையை இழுத்துப் போடுவார். அன்றைக்கு இழுக்கவில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு அது. அதுவும் நோன்பு மாசம், கச்சான் காற்று அனலாக வீசிய நேரம். மட்டக்களப்பில் ஷரிபுதீனுக்குச் சண்டை, மூலையில் கோணாமலை. கல்முனையிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் போயிருந்தார்கள். "நோன்போட அடிக்கிறான்டா" என்று மண்டபம் முழுக்க அதே கதை. இரண்டாம் றவுண்டு முடிந்து வந்து உட்கார்ந்தபோது ஷரிபுதீனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் போத்தலுக்குப் போனது. அதைக் கண்ட கோணாமலை மூடியை இறுக்கினார். "வேணாம் மச்சான். என்ட கையால உன்ட நோன்ப முறிக்கமாட்டன். இன்னும் மூணு நிமிசம்தானே." நனைத்த துவாயைப் பிடரியில் வைத்து அனுப்பினார். மூன்றாம் றவுண்டில் ஷரிபுதீன் விழுந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியபோது இடது காது கேட்கவில்லை. கோணாமலை இன்றுவரை அவருடைய வலப்பக்கத்திலேயே உட்காருவது அதனால்தான்.

"கோணாமலை, அண்டைக்கு நான் நோன்பில்ல."

"எண்டைக்கு?"

"மட்டக்களப்பில. விடிஞ்ச பிறகு பிட்டும் வாழப்பழமும் திண்டுட்டுத்தான் பஸ் ஏறினன். பயணத்தில நோன்ப விடலாம், பிறகு புடிக்கலாம். அதில குத்தமில்ல. ஆனா நோன்போட அடிக்கிறான் எண்டு ஊர் செல்லக்குள்ள எனக்கு அது நல்லா இரிந்திச்சி. கேட்டவனுக்கெல்லாம் ஓம் எண்டுட்டன். உனக்கும்தான். மூலைக்குப் பின்னால எங்கட ஆக்கள் நிண்டாங்க. வாயத் தொறந்து தண்ணி கேக்க வெக்கம்."

ஷரிபுதீன் அவசர அவசரமாகத் தொடர்ந்தார். "உன்னில ஒரு பிழையுமில்ல. சனிக்கிழம நீ போய் அவன்ட மூலையில நில்லு."

"அதுக்கு அடுத்த வருசம் மட்டக்களப்புக் கிளப்பில என்னக் கூப்பிட்டாங்க," என்றார் கோணாமலை. "பொடியனுகளப் பழக்க. நான் போகல்ல."

"உனக்குக் கடல்தான் விருப்பம் எண்டு நெனச்சன்."

"கடலா?" கோணாமலை தோணியின் விளிம்பைத் தடவினார். "கடல் எனக்குத் தலசுத்து மச்சான். சத்தியெடுக்காமக் கரைக்கு வந்த நாள விரல் மடிச்சி எண்ணலாம்."

ஷரிபுதீன் எத்தனை வருசம் இந்தத் தோணி நிழலில் உட்கார்ந்திருக்கிறார். எந்த றவுண்டில் யார் விழுந்தான் என்று உலகத்துச் சண்டையெல்லாம் மனப்பாடம். பக்கத்தில் இருந்தவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"தண்ணி கேட்ட கண்ணப் பாத்துட்டு மூடிய இறுக்கின கை," என்றார் கோணாமலை. "இந்தக் கையோட ஆர்ட மூலையில போய் நிக்கிற எண்டுதான் கடலோட கிடந்தன். நீ ஒரு மாசத்தில செல்லியிருக்கலாம். ஒரு வருசத்தில செல்லியிருந்தாலும் போயிருப்பன்."

"இப்பயாவது..."

"றம்ஸீனிட்ட வேற ஆளப் பாக்கச் செல்லு. நான் அங்க நிண்டா எனக்கு றம்ஸீன்ட மொகம் தெரியாது. உன்ட மொகம்தான் தெரியும்."

அலை ஒன்று தோணியின் அடிவரைக்கும் வந்து போனது. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் ஷரிபுதீன், "அவன் வெல்லுவானா?" என்றார்.

"வெல்லுவான். மூலையில நிக்கிறவனுக்கு உள்ளத மறைக்காமச் சென்னா வெல்லுவான்."

கோணாமலை மணலிலிருந்து போத்தலை எடுத்தார். மூடியைத் திருகினார். ஷரிபுதீனுக்கு முன்னாலேயே அண்ணாந்து, நிறுத்தாமல், பாதிப் போத்தல் காலியாகும்வரை குடித்தார்.

பாங்குக்கு இன்னும் ஆறு நிமிசம் இருந்தது.