வெட்டப்பட்ட வசனம்

வாருங்கள்! பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகக் கண்ணயரும் பெற்றோரே, எழுந்து வாருங்கள்! இதோ, நாடக மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால், முக்காலியின் விளிம்பில், நாடகத் தாள்களைப் பற்றியபடி உட்கார்ந்திருக்கிறாளே ஒருத்தி, அவளைப் பாருங்கள். தன் பொய்யைக் காப்பாற்ற ஒரு கல்லூரி ஒரு பெண்ணின் நாவைக் கட்டிய கொடுமைக்கு இனி நீங்களும் சாட்சி.

கல்லூரியின் கலைமன்றத்தில் அவளுக்குக் ‘கிசுகிசு’ என்று பெயர். நடிப்பவர்கள் வசனம் மறந்து திருதிருவென விழித்தால், மறைவிலிருந்து அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. மேடையேறச் சொன்னால் அவளுக்கு உயிரே போய்விடும். மறைவில் இருக்கச் சொன்னால் நாடகம் முழுவதையும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள்.

அந்தக் கலைமன்றம் ஒரு காலத்தில் சைக்கிள் கொட்டகை. நாற்புறமும் சுவர் எழுப்பிக் கூடமாக்கினார்கள். மழை பெய்தால் உள்ளேயும் தூறும். ஆனால் அந்தக் கல்லூரியில் மனிதர் மனிதராக இருந்த ஒரே இடம் அதுதான். வெளியே மூத்த மாணவர் எதிர்ப்பட்டால் சுவரோரமாய் ஒடுங்க வேண்டிய முதலாண்டுப் பிள்ளைகள், உள்ளே வந்துவிட்டால், “என்னண்ணா, டீ பச்சத் தண்ணியா இருக்கு? சூடா ஊத்துங்க!” என்று அதிகாரம் பண்ணலாம். மூத்தவர் ஊற்ற வேண்டும். இளையவர் முதலில் குடிக்க வேண்டும். அது மன்றத்தின் சட்டம்.

அந்தச் சட்டத்தை நம்பிக் கெட்டவள் சிட்டு. கிசுகிசுவின் அறைத்தோழி. விடுதியில் மூத்தவர்களின் துணி வாளியைத் தூக்க மாட்டேன் என்று ஒருநாள் நிமிர்ந்து சொல்லிவிட்டாள்.

“கலைமன்றத்துல டீ குடிச்சு வாய் வளர்ந்துடுச்சோ?” என்றாள் அந்த மூத்தவர்களில் ஒருத்தி, கல்லூரி நிர்வாகக் குழு உறுப்பினரின் மகள். அடுத்த நொடி சிட்டு படிக்கட்டில் உருண்டாள். கை இரண்டு இடத்தில் முறிந்தது. மறுநாள் அவள் தந்தை வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளை அழைத்துப் போனார். ‘மாணவி வழுக்கி விழுந்தார்’ என்று அறிவிப்புப் பலகை சொன்னது.

மேல்படியில் நின்ற கிசுகிசு பார்த்திருந்தாள். பார்த்ததைத் தொண்டைக்குள்ளேயே புதைத்தாள். அவள் அப்பா பேருந்து ஓட்டுநர். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும், “எதுலயும் வாயைக் குடுக்காதே கண்ணு. படிப்பை முடிச்சுட்டு வந்துடு,” என்பார். ஆனால் கலைமன்றத்தில் ஒருநாள், தேநீர்க் குவளையைப் பிடித்தபடி, நாடகம் எழுதும் மூத்த மாணவன் ‘கணீர்’ முன்னால் உடைந்து அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் அதை நாடகமாக்கினான். முக்கிய வேடமான சாட்சியையும் தானே ஏற்றான்.

ஆண்டுவிழா அன்று பிற்பகல் கல்லூரி முதல்வர் நாடகப் பிரதியில் ஒரு வசனத்தைச் சிவப்பு மையால் அடித்தார். “இந்த வரி மேடையில வந்துச்சுன்னா, மன்றத்துக்குப் பூட்டு. எழுதினவனுக்கும் கதை சொன்ன அந்த அறைத்தோழிக்கும் இந்தக் கல்லூரியில இடம் கிடையாது.”

கணீர் ஒப்புக்கொண்டான். அந்த இடத்தில் பேசாமல் நின்று, பிறகு நடந்துவிடுவது என்று முடிவாயிற்று.

மாலையில் அரங்கம் பிதுங்கியது. முதல் வரிசையில் முதல்வர். அவருக்கு அருகில் நிர்வாகக் குழு உறுப்பினர். அவரை ஒட்டி மகள். திரை இடுக்கில் அவளைக் கண்டதும் கிசுகிசு முகத்தைத் தாள்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்தக் காட்சி வந்தது. கணீர் படிக்கட்டின் அடியில் நின்றான். பேசவில்லை. அந்த மௌனம் நீண்டது.

பயம் மூளையை மூடிவிட்டால் பழக்கம் வாயைத் திறக்கும். நடிகன் நின்றுவிட்டான், வரியை எடுத்துக்கொடு! அவ்வளவுதான் அவள் உடம்புக்குத் தெரிந்தது.

“அவள் வழுக்கி விழவில்லை. தள்ளினார்கள். நான் பார்த்தேன்.”

பக்கத்திரையின் அடியில் இருந்த ஒலிவாங்கி அந்தக் கிசுகிசுப்பை அரங்கின் கடைசி வரிசைவரை கொண்டுபோயிற்று.

முதல்வர் எழுந்தார். அரங்க விளக்குகள் எரிந்தன. அவர் மேடையேறி வரும் காலடியைக் கேட்டவுடன் அவள் முக்காலியை விட்டு எழுந்தாள். கணீர் ஓடிவந்து காதில் சொன்னான்: “வசனம், பழக்கத்துல வந்துடுச்சுன்னு சொல்லிடு. என் தலையில போடு. அப்பாவை நெனச்சுக்கோ!”

முதல்வரின் கையில் பக்கத்திரை விலகியது. மேடையில் நடிகர்களைத் தவிர வேறு யாரும் பார்த்திராத அந்தப் பெண்ணை இப்போது ஊரே பார்த்தது.

முதல்வர் குரலில் தேன் ஒழுகியது. “ஒண்ணுமில்லை, பயப்படாதேம்மா. மறந்துபோய்ச் சொன்ன வெறும் வசனம்தானே? ஆமான்னு சொல்லு, நாடகம் தொடரட்டும்.”

ஆமாம் என்றால் படிப்பு பிழைக்கும், மன்றம் பிழைக்கும். சிட்டு மட்டும் என்றைக்கும் வழுக்கி விழுந்தவளாகவே இருப்பாள். கையிலிருந்த தாளில் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள்.

“வசனம்தான் சார்,” என்றாள். “ஆனா… நான் நெஜமாவே பார்த்தேன். அவங்கதான் தள்ளுனாங்க.” விரல் முதல் வரிசையில் உறுப்பினரின் மகளை நோக்கி நீண்டது.

அன்றே கலைமன்றத்தின் கதவில் பூட்டு விழுந்தது. நாளைக் காலை விசாரணை. தள்ளியவளுக்கு அல்ல, பார்த்தவளுக்கு! செய்தி கேட்டு, ஓட்டுநர் சீருடையைக்கூட மாற்றாமல் அப்பா புறப்பட்டுவிட்டார். விடுதி அறையில், கதவுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டு, அவள் விழித்திருக்கிறாள். நடைபாதையில் செருப்புச் சத்தம் வந்து வந்து நிற்கிறது.

கேட்டவர்களே, பரிதாபம் யாருக்கு வேண்டும்? நாளை அந்த விசாரணை அறையின் வாசலில் வந்து நில்லுங்கள். ‘அவள் பார்த்ததை நாங்கள் கேட்டோம்’ என்று உரக்கச் சொல்லுங்கள். அவள் தனியாக உள்ளே போகக்கூடாது. பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்!