முன்பக்கத்தில் தையல் கிடையாது

எங்கள் வீட்டில் புத்தர் படத்துக்கு ஒரு ஆணி, நைனாவின் சில்வர் கோட்டுக்கு ஒரு ஆணி. மற்ற துணியெல்லாம் கொடியில்தான் கிடக்கும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரே அறையில் மூன்று பேர் இருக்கிற வீடு. அங்கே ஒரு கோட்டுக்கென்று தனியாக ஆணி அடித்திருந்தால் அதன் மரியாதை என்னவென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நைனா பெயர் பீம்ராவ். திருவொற்றியூரில் ஒரு இரும்பு வார்ப்பு ஆலையில் உலை முன்னால் வேலை. உருகின இரும்பை அச்சில் சாய்க்கும்போது சில நேரம் குழம்பே சொட்டுச் சொட்டாகத் தெறிக்கும். அதற்குத்தான் அந்தக் கோட்டு. கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை, முகம் பார்க்கலாம் போல மின்னும். பர்மனென்ட் ஆனவர்களுக்கு மட்டும் ரெண்டு வருஷத்துக்கு ஒன்று தருவார்கள். ஆலையில் விட்டால் எவனாவது மாற்றி எடுத்துப்போய்விடுவான் என்று சனிக்கிழமை தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பழைய பனியனை நாலாக மடித்து, நனைத்துப் பிழிந்து, கழுத்திலிருந்து கீழ்நோக்கித் துடைப்பார். துவைக்கக் கூடாது, மடிக்கக் கூடாது, யாரும் தொடவும் கூடாது.

"முன்னால பாரு, ஒரு தையல் கீதா?" என்று துடைத்துக்கொண்டே கேட்பார். "கெடையாது. பொத்தான் கூட முதுகுலதான். கொழம்பு வந்து வுழுந்தா வழிஞ்சி ஓடிரணும். தங்கறதுக்கு எடம் குடுத்தன்னு வெச்சிக்கோ, அங்கயே குந்திகினு உள்ள பூந்துரும்."

இதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

2003-ஆம் வருஷம். எனக்கு இருபத்திமூன்று வயசு. மூலக்கடையில் ஒரு நம்பர் பிளேட் கடையில் ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்தேன். என் தோஸ்து அமீர் புளியந்தோப்பில் விசிடி வாடகைக் கடை வைத்திருந்தான். அவன்தான் ஒருநாள் பர்மா பஜாரிலிருந்து அந்த இங்கிலீஷ் விண்வெளிப் படத்தின் டிஸ்க்கைக் கொண்டுவந்தான். தியேட்டருக்குள் கேமராவை ஒளித்து வைத்து எடுத்த பிரிண்ட். இருமல் சத்தம், சிரிப்புச் சத்தம் எல்லாம் இலவசம்.

அதில் ஒரு காவல்காரன் வருவான். விண்கலத்தின் கதவருகே நிற்பது மட்டும்தான் அவன் வேலை. அவனுக்குப் பெயர் இல்லை, வசனம் இல்லை, முகமே காட்டமாட்டார்கள். உடம்பெல்லாம் வெள்ளிக் கவசம். கடைசியில் அத்தனை பேரும் ஓடிவிட, அவன் ஒருத்தன் மட்டும் கதவை விட்டு நகராமல் நின்று சாவான். எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. அவன் உடுப்பை அச்சு அசலாகச் செய்து போட்டுப் பார்க்க வேண்டும் என்ற பைத்தியமும் பிடித்துக்கொண்டது.

அரைகுறையாகச் செய்வது எனக்கு ஆகாது. அமீர் கடை டிவியில் படத்தை நிறுத்தி, கண்ணாடிமேல் பட்டர் பேப்பரை வைத்து ஒவ்வொரு பாகமாக வரைந்தேன். பெல்ட்டில் எத்தனை கட்டம், முழங்கையில் எத்தனை கோடு, எல்லாம் நோட்டில் ஏறியது. பழைய பைக் ஹெல்மெட்டின் மேல் மைதாப் பசையும் பேப்பருமாக ஒட்டி, காய்ந்த பிறகு டிங்கர் கடைப் பட்டி பூசித் தேய்த்தேன். முகக் கண்ணாடிக்குக் கடையில் மிச்சமான கறுப்பு அக்ரிலிக். நாலு மாசம் போனது.

ரொம்ப நாள் என்னைப் படுத்தியது இடது தோள்தான். காவல்காரன் கதவருகே நிற்கும் காட்சிகளில் அவன் இடது தோளில் அரைத் தேங்காய் அளவுக்குக் கறுப்பாக ஒரு உருண்டை இருக்கும். ஒரு காட்சியில் அது மெல்ல நெஞ்சுவரைக்கும் இறங்கி மறுபடி மேலே ஏறும். அவன் சண்டை போடும்போது காணாமல் போய்விடும்.

"ஆண்டெனாடா அது. டியூட்டில நிக்கசொல்லோ மட்டும் மாட்டிக்குவான்," என்றேன்.

"மாமு, நீ எங்கியோ போய்ட்ட," என்றான் அமீர்.

அந்த உருண்டைக்கு எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் அதைக் கொண்டுவந்தது நைனாதான். காத்திவாக்கத்தில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போனவர், வலையில் கட்டுகிற மிதவை ஒன்றை வாங்கி வந்து என் மடியில் போட்டார். "ரெண்டா அறுத்தா செரியா கீதா பாரு." பாதியாக அறுத்துக் கறுப்பு அடித்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. நான் செய்வது என்ன எழவென்று அவருக்குப் புரியவே இல்லை. ஆனாலும் வேலை முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

அந்தப் படத்தின் ரெண்டாம் பாகம் வரப்போவதாகப் பேப்பரில் கறுப்பு வெள்ளையில் விளம்பரம் வந்தது. மவுண்ட் ரோடு தியேட்டர் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு முன்னால் அந்தக் காவல்காரன் உடுப்புக்குப் போட்டி. அச்சு அசலாக இருப்பவருக்கு மேடையில் கோப்பை, மறுநாள் பேப்பரில் போட்டோ. எனக்குக் கோப்பை பெரிதில்லை, போட்டோதான். எங்கள் ஏரியாப் பையன் போட்டோ பேப்பரில் வந்தால் அது வேறு மாதிரிச் செய்தியாகத்தான் இருக்கும். ஒரே ஒரு முறை அதை மாற்றிக் காட்ட வேண்டும் என்று வெறி.

எல்லாம் தயார், வெள்ளியைத் தவிர. பெயின்ட் அடித்தேன், தகரமாகத் தெரிந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளிக் காகிதத்தை ஒட்டினேன், கல்யாண மாலை மாதிரி ஆனது. அந்த மின்னல் மட்டும் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நைனா துடைத்து மாட்டிய கோட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஞாயிறு காலையில் சித்தப்பா வீட்டில் பேத்திக்குக் காது குத்து. நைனாவும் அம்மாவும் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். போகும்போது நைனா, "பாத்துப் போ அறிவு. கெலிச்சிட்டு வா," என்றார்.

நான் கோட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். சத்தியமாக முதலில் போட்டுப் பார்க்கத்தான் எடுத்தேன். நீளமாக இருந்தது. காவல்காரன் சட்டை இடுப்போடு நிற்கும், கீழே காலுக்குத் தனிக் கவசம். இப்படியே போட்டுக்கொண்டு போனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அச்சு அசலாக இருக்காதே! நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கத்தரியை எடுத்தேன். இடுப்புக்கு நேராகக் குறுக்கே வெட்டினேன். கீழ்ப்பாகத்தை ரெண்டாகக் கிழித்துக் காலுக்குச் சுற்றிக்கொண்டேன். சாயங்காலம் தைத்துவிட்டால் போச்சு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். அப்போது என் காதில் நைனாவின் பேச்சு கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அமீரும் நானும் பஸ்ஸில் போனோம். "இன்னாபா, கேஸ் சிலிண்டருக்கெல்லாம் டிக்கெட் குடுக்கறதில்ல," என்று கண்டக்டர் கலாய்த்தார். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

தியேட்டர் வாசலில் ஆளுயர அட்டை வைத்திருந்தார்கள். காவல்காரன் நின்றுகொண்டிருந்தான். செம்பு நிறத்தில்!

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கவசம், பெல்ட், முழங்கைக் கோடு எல்லாம் நான் எண்ணினபடியே இருந்தன. நிறம் மட்டும் பழைய செம்புக் குடம். இடது தோளில் எதுவுமே இல்லை. வழவழவென்று இருந்தது.

ஏழெட்டுக் காலேஜ் பையன்கள் உடுப்போடு நின்றிருந்தார்கள். அத்தனையும் செம்பு. அதில் ஒருத்தன் என்னைச் சுற்றி வந்து பார்த்தான். கெட்டவன் இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். "வேலை சூப்பரா இருக்குங்க. தோள்ல இது என்ன?"

"ஆண்டெனா," என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நீங்க கேமரா பிரிண்ட் பாத்து செஞ்சீங்களா? அதுல கலர் எல்லாம் வெளுத்துப் போயிருக்கும். இது... ஐயோ, இது முன் சீட்டுல உட்கார்ந்திருந்தவரோட தலைங்க!"

ஆமாம், தலைதான். எவனோ ஒருத்தன் படம் போரடித்துக் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்திருக்கிறான், மறுபடி நிமிர்ந்திருக்கிறான். அவன் தலையை நான் நாலு மாசம் அளவெடுத்து, நைனாவை மிதவை கொண்டுவர வைத்து, என் தோளில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வராண்டா முழுக்கச் சிரிப்பு. ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை நான். கழற்றினால் முகம் தெரிந்துவிடும்.

படம் பார்க்கவில்லை. நேராகப் புளியந்தோப்பு போனோம். அமீரின் மாமா பை தைக்கிற மிஷினில், தடித்த ஊசியில், கீழ்ப்பாகத்து ரெண்டு துண்டையும் சேர்த்துத் தைத்து, கோட்டின் இடுப்பில் குறுக்கே ரெண்டு வரிசைத் தையல் போட்டேன். பள்ளம் மாதிரி தெரிந்தது. மூலக்கடைக்குப் போய் கடையைத் திறந்து, சில்வர் ஸ்டிக்கரைப் பட்டையாக வெட்டித் தையல்மேல் ஒட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதானே. அஞ்சு மணிக்குக் கோட்டு ஆணியில் தொங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

நைனா வந்ததும் தூக்கில் கொண்டுவந்த இறால் தொக்கை எடுத்து வைத்தார். "பந்தில வெச்சாங்க. நீ வரலியேன்னு கேட்டு வாங்கியாந்தேன். இன்னா ஆச்சி?"

"நாளைக்குத்தான் சொல்வாங்க," என்று சொல்லிவிட்டுத் தொக்கைச் சாப்பிட்டேன். கூச்சமில்லாமல் மொத்தத்தையும் சாப்பிட்டேன்.

திங்கள் காலையில் நான் போர்வைக்குள் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். நைனா கோட்டை எடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பிடித்தார். இடுப்புப் பக்கம் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். எழுந்து, நைனா, அதைப் போட்டுக்காதீங்க என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் முழுசாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு அமீர் மூலக்கடைக்கு ஓடிவந்தான். "மாமு, நைனாவ ஆஸ்பத்திரில சேத்துக்கீறாங்கோ."

ஸ்டிக்கர் சூட்டில் உருகிச் சுருண்டுவிட்டது. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சொட்டு வந்து விழுந்து, வழிந்து ஓடாமல், தையலில் தங்கிவிட்டது. அவர் சொன்னபடியேதான். அங்கேயே குந்தி, ஊசி ஓட்டை வழியாகத் துணியைத் தின்று, வயிற்றிலும் வலது தொடையிலும் இறங்கியிருந்தது.

நான் போனபோது ஆலையிலிருந்து ஒரு அதிகாரி கட்டிலருகே பேப்பரோடு நின்றிருந்தார். கோட்டைத் தூக்கிப் பிடித்து, "இதை யார் வெட்டித் தச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றார் நைனா. "கால் தட்டிகினே இருந்திச்சி. சின்னதாக்கிக்கலாம்னு வெட்டுனேன். அப்பறம் பயந்துகினு தச்சிட்டேன்."

"இருவது வருஷ சர்வீஸ், உனக்குத் தெரியாதா?"

"தப்புதான் சார்."

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் மட்டும் திறக்கவில்லை. நைனா படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். என்னைப் பற்றி எழுத வேண்டியதை அவரைப் பற்றி எழுதிக்கொண்டு அந்த ஆள் போனார்.

அந்த ஆள் வார்டைத் தாண்டட்டும் என்று நைனா காத்திருந்தார். பிறகு அவர்தான் ஆரம்பித்தார். "காலைலயே பாத்தேன்டா. கோட்டு கெட்டுப்போச்சின்னு ஆலைல சொன்னா வெட்டுனது யாருன்னு கேப்பான். ஒரு நாளைக்கி ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிட்டேன்." திரும்பி என்னைப் பார்த்தார். "பிரைஸு கெடச்சிதா?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? வெட்டினது தப்பான நிறத்துக்காக என்று, எவனோ ஒருத்தன் தலைக்காக என்று, அந்த வயிற்றுக் கட்டைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"கெடச்சிது நைனா. பஸ்ட்டு."

"அப்ப செரி," என்றார். சிரிக்கப் போய் வயிறு இழுத்து முகம் சுருங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாலாம் நாளே நைனா கோப்பை எங்கே என்று கேட்டுவிட்டார். பெரியமேட்டில் கோப்பை விற்கிற கடைக்குப் போனேன். பெயர் வெட்டுகிறவர், "எந்தப் போட்டின்னு போடணும்?" என்றார். "அதெல்லாம் வேணாம். அறிவு, முதல் பரிசு. அது போதும்," என்றேன்.

கவனமில்லாதவன் என்று ஃபைலில் ஏறிவிட்டதால் நைனாவை உலைக்குத் திரும்ப விடவில்லை. கேட்டில் காவலுக்கு நிற்க வைத்துவிட்டார்கள். அங்கே கோட்டு கிடையாது, காக்கிச் சட்டைதான். அதைக் கொடியிலேயே போட்டுக்கொள்கிறார்.

கோட்டு தொங்கின ஆணிக்குக் கீழே அவரே ஒரு பலகை அடித்துக் கோப்பையை வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம், "பையன் கெலிச்சது," என்பார். சனிக்கிழமை ஆனால் பழைய பனியனை நாலாக மடித்து, நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழ்நோக்கி அதைத் துடைக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில் இருப்பதில்லை.