தேரன்று அழிந்த பெயர்

1994ஆம் ஆண்டு மாசியில், கோனியம்மன் தேரோட்டம் நடந்த புதன்கிழமை பிற்பகல், கோயமுத்தூர் வைசியாள் வீதியில் மின்சாரம் நிறுத்தப்பட்டது.

அந்த வீதியில் உமர் பாரூக் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். நீண்ட ஓர் அறை, அதில் ஆள் உயரப் பிளைவுட் பெட்டிகளாக ஐந்து மெஷின்கள். எல்லாம் பம்பாயிலிருந்து பழையதாக வந்தவை. கைப்பிடியின் பிளாஸ்டிக் குமிழ்கள் உடைந்தபோது, பீளமேட்டு லேத் பட்டறை ஒன்றில் பித்தளையில் கடைந்து மாட்டிவிட்டார். அங்கே விளையாடிவிட்டு வீட்டுக்குப் போனால், கையில் பித்தளை வாடையை மோந்து பார்த்தே அம்மாக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசலை ஒட்டிய பெட்டியில் விண்கலங்களைச் சுடும் ஆட்டம். அதிகப் புள்ளி எடுத்தவர்கள் மூன்று ஆங்கில எழுத்தில் பெயரைப் பதிக்கலாம். சுவிட்சை அணைத்தால் பெயர்கள் போய்விடும். மறுநாள் காலையில் மெஷின் செய்த கம்பெனி போட்டுவைத்த பெயர்கள்தான் திரையில் நிற்கும்.

தொண்டாமுத்தூரில் உரக்கடை வைத்திருந்த பொங்கியண்ணனுக்கு இரட்டைப் பிள்ளைகள், லோகப்பிரியாவும் கிருபாசங்கரும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கடையில் ஆடுவார்கள். பாரூக்கின் மகள் ஃபஹீமாவும் அதே டியூஷன். அதனால் பையன்கள் நடுவே லோகப்பிரியா நிற்பதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இரட்டையர் இருவருக்கும் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர ஆசை. ஒருவரைத்தான் அனுப்ப முடியும், மற்றவர் உரக்கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொங்கியண்ணன் சொல்லியிருந்தார். போகப்போவது கிருபாதான் என்று உறவுக்காரர்கள் கேட்காமலே முடிவுகட்டிக்கொண்டார்கள். தேருக்கு வரும் பஸ்ஸில் அந்தப் பேச்சு மறுபடி கிளம்பியது.

"ரெண்டு பேரும் மல்லுக்கட்டாதீங்க. அந்த மெஷின்லயே ஆடிப் பாருங்க. யாரு பேரு மேல நிக்குதோ அவங்க போங்க" என்றார் பொங்கியண்ணன், சிரித்துக்கொண்டே.

லோகப்பிரியா சிரிக்கவில்லை. "நெசமாத்தானுங்கப்பா?"

"சொன்னாச் சொன்னதுதான் அம்மணி."

"அப்ப உரக்கடைச் சாவிய இப்பவே அவகிட்டக் குடுத்துருங்கப்பா" என்றான் கிருபா.

கடை வாசலில் வேண்டுதலுக்காக ஆளுக்கொரு உப்பு மிளகுப் பொட்டலத்தைக் கொடுத்து, "தேர் வாரப்ப வெளிய வந்து அது மேல வீசிப்போடுங்க" என்று சொல்லிவிட்டு, பொங்கியண்ணன் வடம் பிடிக்கப் போனார்.

கிருபா முதலில் ஆடினான். முதலிடத்தில் அவன் பெயர் ஏறியது. பிறகு லோகப்பிரியா பித்தளைக் குமிழைப் பிடித்தாள்.

தேருக்காக வீதியில் மின்சாரம் போனது. பாரூக் கடைக்கு மட்டும் பின்பக்கச் சந்திலிருந்து இணைப்பு வந்ததால் அங்கே விளக்கு எரிந்தது. கொட்டுச் சத்தம் நெருங்கியதும் பாரூக் மெஷின்களின் ஒலியைக் குறைத்துவிட்டு வாசலுக்குப் போனார். மற்ற பையன்களும் போனார்கள். உள்ளே இரட்டையர் மட்டும்.

"போச்சு, இடது பக்கம் வருது பாரு. செத்த நீ" என்றான் கிருபா, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து.

"வாய மூடிட்டு நில்லுடா."

தேரின் நிழல் திரைக் கண்ணாடியில் ஏறி, மெல்ல நகர்ந்து இறங்கியது. இருவரும் திரும்பவில்லை. கடைசி விண்கலமும் போனபோது அவள் கணக்கு அவனுடையதைத் தாண்டியிருந்தது. குமிழைத் திருப்பித் திருப்பி எல், ஓ, கே என்று பதித்தாள். கிருபாவின் பெயர் ஒரு வரி கீழே இறங்கியது.

அதற்குள் தேர் அந்தப் பின்பக்கச் சந்தின் முனைக்குப் போயிருந்தது. அங்கே குறுக்கே ஓடிய கம்பிக்கும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். திரை இருண்டது.

தேர் திரும்பிய பின் விளக்கு எரிந்தது. வடம் பிடித்துச் சிவந்த கைகளைத் துடைத்துக்கொண்டு பொங்கியண்ணன் வந்தார். திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மேல இருக்கறது யாரு? நம்ம பேரு ஒண்ணையும் காணமே."

"அது கம்பெனிக்காரன் போட்டதுங்க. என் பேருதானுங்கப்பா மேல இருந்துச்சு. கரண்ட்டு போயி அழிஞ்சுபோச்சு" என்றாள் லோகப்பிரியா.

"ஏனுங் பாய், நீங்க பாத்தீங்களா?"

"பொய் சொல்லக் கூடாதுங்க. நான் வாசல்ல தேர் பாத்துட்டு நின்னுட்டனுங்க" என்றார் பாரூக்.

பொங்கியண்ணன் மகனைப் பார்த்தார். "நீ சொல்லு கண்ணு."

"நானும் பாக்கலீங்கப்பா. பாய்கூட வாசல்லதான் நின்னனுங்க."

லோகப்பிரியா அவனையே பார்த்தாள். பொங்கியண்ணன் கையை நீட்டி, மகனின் சட்டைப்பைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த பொட்டலத்தை எடுத்தார். நூல் அவிழ்க்காமல் இருந்தது.

"வாசல்ல நின்னு தேர் பாத்தவன் உப்பு வீசலையாக்கும்?"

கிருபா பெட்டியின் பித்தளைக் குமிழைத் தடவினான்.

"அவளுது இருவத்தாறாயிரத்து நானூறுங்க. என்னுது இருவத்தஞ்சுதான்" என்றான்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"உரக்கடை நாத்தம் எனக்கு ஆகாதுங்கப்பா."

பாரூக் சிரித்துவிட்டு, உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பொங்கியண்ணன் பொட்டலத்தை மகன் கையிலேயே திருப்பி வைத்தார்.

"ரெண்டு பேரும் ஓடுங்க. தேரு நெலை சேர்றதுக்குள்ள வீசிப்போட்டு வாங்க."

ஓடினார்கள். முன்னால் போன லோகப்பிரியா கூட்டத்துக்கு நடுவில் நின்று, அவன் வரும்வரை காத்திருந்தாள்.

அந்த ஜூன் மாதம் அவள் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். கிருபாசங்கர் உரக்கடையில் உட்கார்ந்தான்.