பவித்திர விரல்

வசீகரனுக்கு அடித்தவர்கள் முகத்தில் அடிக்கவில்லை. அதுவே பெரிய புண்ணியம் என்று அம்மா சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அப்பா ஸ்கந்தகுமாரக் குருக்கள் மகனைக் கதிரையில் இருத்தி, அவனுடைய கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். பூசையில் தர்ப்பையால் முடிந்த பவித்திரத்தைப் போடும் வலது கை மோதிர விரலை இரண்டு தரம் பார்த்தார். பிறகு மூக்கு, பல், காது. எல்லாம் சரி என்று கண்ட பிறகுதான், நோகிறதா என்று கேட்டார்.

வேறு வீடென்றால் இப்படியும் ஒரு தகப்பனா என்று கேட்டிருப்பார்கள். குருக்கள் வீட்டில் அப்படித்தான். அங்கத்தில் பழுதுள்ளவன் மூலஸ்தானத்துக்குள் போய் அம்மனைத் தொடக்கூடாது என்பது சாத்திரம். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், நாரந்தனையில் அந்த அம்மன் கோயிலுக்குக் குருக்களுக்குப் பிறகு வசீகரன்தான். ஊரில் பாதிப் பேர் வெளிநாடு போய், வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால், இந்தத் தீவுக்கு வந்து குந்தியிருக்க எந்த ஐயர் சம்மதிப்பார்?

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து, அம்மனுக்குச் சாத்திய தங்க அட்டியலைக் கழுத்திலிருந்து கழற்றி, வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டுவதற்காக மடியில் கட்டிக்கொண்டு நடந்து வந்தான். வழியில் ஒரு குறுகிய ஒழுங்கை. இரண்டு பக்கமும் ஆட்களில்லாத வீடுகள். பின்னால் மோட்டார் சைக்கிள் வந்தது. முகத்தை மூடிய இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் கழுத்தில் கிடந்த சால்வையைப் பிடித்து இழுத்து விழுத்தினான். மற்றவன் விலாவில் உதைத்தான். வசீகரன் கை ஓங்கவில்லை. "அண்ணை, விடுங்கோ அண்ணை" என்று கும்பிட்டான். அட்டியலைத் தானே அவிழ்த்துக் கொடுத்தான்.

அந்த 'அண்ணை' அவனைப் பிறகு தூங்கவிடவில்லை. அட்டியல் போனதுகூட அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. கோயிலின் வட்ஸ்அப் குழுவில், இளந்தாரி ஐயர் ஒரு தட்டாவது தட்டியிருக்கலாமே என்று ரொறன்ரோவிலிருந்து ஒருவர் எழுதினார். ஹீற்றரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்து வீரம் பேச என்ன கஷ்டம், வாய்தானே! வசீகரனுக்கு அந்த ஆள்மேலும் கோபமில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கால் நடுங்கியது. பூசைக்கு நிற்கும்போது கேட்டால் மந்திரம் பாதியில் நின்றது. இருபத்துமூன்று வயசில் அம்மனுக்கு முன்னால் நின்றுகொண்டு பயப்படுகிறேனே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

தற்காப்புக்கு ஏதாவது பழகப்போவதாக அப்பாவிடம் சொன்னான். வலப் பக்கமாகப் போய் நின்று சொன்னான். குருக்களுக்கு இடது காது கேளாது. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், ஊரிலும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. ஏன் கேளாமல் போனது என்று வசீகரனும் கேட்டதில்லை.

குருக்கள் மகனுடைய விரல்களைப் பார்த்துச் சொன்னார். "பழகு. ஆனா உடம்பில ஒரு பழுதும் வரக்கூடாது. வந்தா நீ வெளிய நிண்டு மணியடிக்கலாம். உள்ளுக்கு வர ஏலாது."

பழுது வராமல் சண்டை பழகுவது எங்கே? வசீகரன் தன் கூட்டாளி டிலோனைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போனான். டிலோன் ஊர்காவற்றுறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், வாய் சும்மா இராது. முதலில் குத்துச்சண்டை பழக்கும் இடம். பயிற்றுநர் நல்ல மனிசன், உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்றார், ஆனால் அவருடைய மூக்கு ஒரு பக்கம் படுத்திருந்தது. டிலோன் அதைப் பார்த்தான், வசீகரனைப் பார்த்தான், இருவரும் வெளியே வந்தார்கள். கராத்தே வகுப்பில் வரிசையாக நின்று காற்றில் குத்தினார்கள். பின்னால் வந்து சால்வையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது என்று வசீகரன் கேட்டான். அதெல்லாம் கறுப்புப் பட்டி வாங்கிய பிறகு என்றார் மாஸ்டர். அதுவரை கள்ளன் காத்திருப்பானா என்று டிலோன் படியிறங்கும்போது கேட்டான். சிலம்பம் நம்முடைய கலை, அதைப் பழகலாமே என்று ஊரில் சிலர் சொல்லியிருந்தார்கள். நைவேத்தியத்தையும் தூக்கிக்கொண்டு ஆறடிக் கம்பையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவதை நினைக்க வசீகரனுக்கே சிரிப்பு வந்தது.

கடைசியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தனுசியா ரீச்சரைக் கண்டார்கள். விளையாட்டு ஆசிரியை, அவனைவிட ஐந்தாறு வயசு மூத்தவர், பின்னேரங்களில் ஜூடோ பழக்கினார். குத்தும் இல்லை, உதையும் இல்லை; உடுப்பைப் பிடித்து ஆளை நிலைகுலைத்து விழுத்துவது. அதற்கு முதல், அடிபடாமல் விழுவது எப்படி என்று பழக வேண்டும். தன்னை உடுப்பில் பிடித்துத்தானே விழுத்தினார்கள் என்று வசீகரன் நினைத்தான். சாத்திரத்தையும் விரலையும் பற்றிச் சொன்னான். ரீச்சர் சிரிக்கவில்லை.

"விரல் பழுதாகாதெண்டு நான் சொல்லமாட்டன் ஐயா. துணியைப் பிடிக்கிறது, விரல் மாட்டுப்படும். பிளாஸ்ரர் சுத்தலாம். சத்தியம் பண்ண ஏலாது."

போன இடமெல்லாம் ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னார்கள். இவர் ஒருவர்தான் உண்மை சொன்னார். அதற்காகவே அங்கே சேர்ந்தான்.

சேர்ந்த பிறகுதான் வேறொரு சிக்கல். கூடப் பழகுகிறவர்கள் ஐயரை விழுத்த மாட்டோம் என்றார்கள். பாவமாம். மெதுவாகப் பிடித்து, மெதுவாக இருத்தி, "எழும்புங்கோ ஐயா" என்று கைகொடுத்தார்கள். ஒருத்தன் போகும்போது விபூதியும் கேட்டான். இப்படியே போனால் ஜென்மத்திலும் பழக ஏலாது என்று கண்ட டிலோன் தானும் சேர்ந்தான். தனக்குப் பாவமில்லை, தான் வேதக்காரன் என்று சொல்லிச் சொல்லி வசீகரனைத் தூக்கிப் போட்டான். ரீச்சர் காற்சட்டை வேண்டாம், வேட்டியோடு பழகுங்கள் என்றார். றோட்டில் அப்படித்தானே போகிறீர்கள் என்றார். சால்வையைப் பிடித்தால் சால்வைக்காகச் சண்டை பிடிக்காமல் அதைக் கள்ளனிடமே விட்டுவிடுங்கள் என்றும் சொல்லிக்கொடுத்தார். வசீகரன் வாரத்தில் இரண்டு பின்னேரம் தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தைத் தாண்டிப் போய் விழுந்து வந்தான். ஒவ்வொரு முறையும் குருக்கள் விரல்களைப் பார்த்தார்.

மழைக்காலம் முடிந்த ஒரு மாலை. கோயிலுக்குப் பூமாலை கட்டும் இரஞ்சிதம் அக்கா பூசை முடிந்ததும் முன்னால் போய்விட்டார். புருசன் இல்லாத மனிசி, தனியாகத்தான் போய்வருவார். வசீகரன் கதவைப் பூட்டிவிட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஒருவன் இரஞ்சிதத்தை நிலத்தில் போட்டுச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தான். அவர் கத்தினார். அந்த ஒழுங்கையில் கத்தினால் பூட்டின வீடுகள்தான் கேட்கும்.

வசீகரனுக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பயத்தோடுதான் ஓடினான். கள்ளன் திரும்பி வசீகரனுடைய சால்வையைப் பிடித்தான். சால்வை அவனோடு போனது. வசீகரன் அவனுடைய சட்டைக் கையையும் கழுத்தையும் இறுக்கிப் பிடித்து, காலைத் தட்டி, நிலத்தில் அடித்தான். சட்டைக்குள் மாட்டிய விரல் ஒன்று முறியும் சத்தம் அவனுக்கே கேட்டது. அப்போதும் பிடியை விடவில்லை. சட்டை கிழிந்துதான் அந்த ஆள் தப்பி, மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டுப் பனங்கூடலுக்குள் ஓடினான். அந்த மோட்டார் சைக்கிளை வைத்துப் பொலிஸ் பிறகு அவனைப் பிடித்தது. இரஞ்சிதத்தின் சங்கிலி கழுத்திலேயே இருந்தது. அவர் தன் சங்கிலியைப் பார்க்கவில்லை, ஐயருடைய கையைப் பார்த்து அழுதார்.

வலது கை மோதிர விரல். ஆசுபத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டு அவிழ்த்தபோது நடு மூட்டு வீங்கிக் கோணி நின்றது. இனி இது நிமிராது என்றார் டொக்டர். அன்று குருக்கள் விரல்களை மடக்கிப் பார்க்கவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார்.

கோயில் முகாமையாளர் விநாயகமூர்த்தி வீட்டுக்கு வந்தார். குருக்களின் வலப் பக்கக் கதிரையில் அமர்ந்து, தயங்கித் தயங்கி, வட்ஸ்அப் குழுவில் வெளிநாட்டு ஆட்கள் கேட்கிறார்கள் என்றார். சம்பளத்துக்கு வேறு ஐயர் பார்ப்பதா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார் குருக்கள். உள்ளே இருந்த வசீகரனுக்கு எல்லாம் கேட்டது. சின்ன வயசிலிருந்து தெரிந்த ஒரே இடம் அந்த மூலஸ்தானம். அதன் எண்ணெய் வாசம்கூட இனித் தனக்கில்லை என்று நினைக்க அழுகை வந்தது. ஆனால் பழைய வெட்கம் வரவில்லை. அந்த மனிசியை விட்டுவிட்டு வந்திருந்தால் இந்த விரல் நேராக இருந்து என்ன பயன் என்று அம்மாவிடம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை வந்தது. வசீகரன் தானாகவே மணிக்கயிற்றடியில் போய் நின்றான். பத்துப் பேர் வரை வந்திருந்தார்கள். இரஞ்சிதம் பூத்தட்டை வைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தார். குருக்கள் உள்ளேயிருந்து வெளியே வந்து மகனுக்கு முன்னால் நின்றார். விநாயகமூர்த்திக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"சண்டையில இடம்பெயர்ந்து போன வருசம், துவக்கோட நிண்ட ஒரு பொடியன் எனக்குச் செவிட்டைப் பொத்தி அடிச்சவன். என்னைவிட இளையவன். நான் அவனை ஐயா எண்டு கும்பிட்டனான். அண்டையில இருந்து இந்தக் காது கேக்கேல்லை. அதோடதான் இவ்வளவு காலமும் அம்மனைத் தொட்டனான்."

விநாயகமூர்த்தி நிலத்தைப் பார்த்தார்.

"கும்பிட்டு வாங்கின பழுதோட நான் உள்ளுக்கு நிக்கலாமெண்டால், நீ ஏன் வெளிய நிக்கவேணும்?"

இடுப்பிலிருந்து பவித்திரத்தை எடுத்து மகனுடைய விரலில் போட்டார். கோணின மூட்டில் அது தட்டுப்பட்டு நின்றது. குருக்கள் அதைக் கழற்றினார். படியில் குந்தி, முடிச்சை அவிழ்த்து, தர்ப்பையைத் தளர்த்தி, பெரிதாக முடிந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தமுறை அது மூட்டைத் தாண்டி இறங்கியது.

வசீகரன் உள்ளே போனான். மந்திரம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அவனுடைய குரல் ஒருகணம் தளம்பியது, பிறகு தொடர்ந்தது. குருக்கள் வலது காதை அந்தக் குரலின் பக்கம் திருப்பி, வெளியே நின்று மணியடித்தார்.