நான்கு சென்டிமீட்டர்

பொத்தானை அழுத்தியதும் நைல் ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஃபைபரில் செய்த ஆறு. அடியில் மோட்டார் மெல்ல முனக, தண்ணீர் கரைக்கு இரண்டு விரற்கடை கீழே வந்து அலுங்காமல் நின்றது. கரைக்கு அப்பால் களிமண் வயல்கள் காய்ந்தே கிடந்தன. வேலையை முடித்த திருப்தியில் கிளிட்டஸ், ஒப்பந்தக்காரர் உமாபதியைப் பார்த்தான். உமாபதி நாதியாவைப் பார்த்தார். கண்காட்சிக்காகக் கெய்ரோவிலிருந்து வந்திருந்த அந்த அம்மாள் தன் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

"மீதித் தண்ணீர் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பழங்கால எகிப்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஷார்ஜாவில் அமைத்த அந்தக் கூடம் மறுநாள் திறக்கவிருந்தது. ஆற்றைத் தவிர எல்லாவற்றிலும் நாதியா கையெழுத்துப் போட்டுவிட்டார். கிளிட்டஸ் பன்னிரண்டு வருடம் பிளம்பராக இருந்த கம்பெனி பூட்டப்பட்டுவிட்டது. விசா முடியப் பதினெட்டு நாள் இருந்தது. ஆற்றுக்கான தாளில் கையெழுத்து விழுந்தால் தன் கம்பெனியில் எடுத்துக்கொள்வதாக உமாபதி சொல்லியிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், சொன்னால் செய்கிறவர்தான். ஆனால் தாள் வேண்டும்.

"என்னங்க கிளிட்டஸ், டிராயிங்ல கரைக்கு மேல நாலு சென்டிமீட்டர்னு தெளிவா போட்டிருக்குதே?" என்று கேட்டார் உமாபதி.

"பாத்தேன் சார். தப்பா வரைஞ்சிட்டாங்கன்னு நெனச்சேன். கரைக்கு மேல தண்ணி ஏறினா வயலு முங்கிப்போவும்லா. அதான் ஃப்ளோட் வால்வு வச்சு நிறுத்திட்டேன்."

"வயலு முங்கோணும்ங்க! அதுக்குத்தானுங்க இத்தனை செலவு!"

கிளிட்டஸுக்கு அது விளங்கவில்லை. குளச்சல் கடற்கரையில் பிறந்தவன். கரை தாண்டி வரும் தண்ணீர் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போகும் என்பது அவனுக்கு யாரும் சொல்லித்தந்து தெரிந்ததல்ல. இங்கே வந்த பிறகும், ஊரே முங்கிய அந்த ஏப்ரல் மழையில் ரோலா கடைவீதிக்குப் பின்தெருவிலிருந்த அவனது தரைத்தள ஃபிளாட்டில் ஆறு நாள் தண்ணீர் நின்றது. துளைக்கும் இயந்திரம், பைப் மிஷின், மனைவி லிஜியின் நர்சிங் சான்றிதழ்கள் இருந்த சூட்கேஸ் எல்லாம் போயின. லிஜி யூனிபாரத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு நீரில் டூட்டிக்கு நடந்தாள். சுவரில் முழங்காலுக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. வீட்டுக்காரர் இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் கோடு மறுபடி மேலே வந்துவிட்டது. இந்த ஆற்றுக்கு வால்வு பொருத்தியபோது அந்தக் கோட்டை அவன் நினைக்கவில்லை. கை தன்பாட்டில் அளவெடுத்தது, அவ்வளவுதான்.

அவன் சொன்னதை உமாபதி ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கி விளக்கினார். நாதியா கேட்டுவிட்டு, கூடத்தின் மூலையில் நின்ற காவலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"நாலாயிரம் வருஷம் முன்னாலேயே அஸ்வான் அணையைக் கட்டிட்டீங்களாம்," என்றார் உமாபதி. அவருக்கும் சிரிப்பு வந்தது.

கிளிட்டஸ் சிரிக்கவில்லை. நாதியா அதைக் கவனித்திருக்க வேண்டும். வயலோரம் குந்தி உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். உமாபதி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஆண்டுக்கொரு முறை ஆறு வயல்மேல் ஏறும். வாரக்கணக்கில் நிற்கும். இறங்கும்போது கரிய வண்டலை விட்டுப் போகும். அதில்தான் விதைப்பு. ஆற்றில் இறங்கும் படிக்கட்டுச் சுவரில் அளவுக்கோடு வெட்டி, நீர் எதுவரை ஏறியது என்று பார்த்துத்தான் அந்த வருஷத்து வரி. குறைவாக ஏறினால் பஞ்சம். அதிகம் ஏறினால் வீடும் போகும். அதனால் வீடுகள் மேட்டில் இருந்தன. போன நூற்றாண்டில் அஸ்வானில் அணை வந்த பிறகு வெள்ளமும் இல்லை, வண்டலும் இல்லை. நாதியாவின் அப்பா கடைசிவரை உரமூட்டை வாங்கித்தான் கோதுமை போட்டார்.

"தண்ணி வராட்டி அழுவாவளா?" என்று கிளிட்டஸ் கேட்டான்.

உமாபதி அதை மொழிபெயர்த்தார். நாதியா ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

வால்வைத் தூக்கிப் பொருத்த இருபது நிமிடம் ஆனது. நீரில் கலக்க வைத்திருந்த கறுப்பு மண்தூளை, மோட்டார் கெடும் என்று அவன் மூட்டையோடு ஒதுக்கியிருந்தான். அதையும் அவிழ்த்துக் கொட்டினான். பிறகு பொத்தானை அழுத்திவிட்டு, அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்பு சுவிட்சின் மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டான். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

தண்ணீர் கரையைத் தொட்டது. ஒரு கணம் விளிம்பில் தயங்கிப் பருத்து நின்று, பிறகு வழிந்தது. முதல் வயல் போயிற்று. இரண்டாவது. வாய்க்கால்கள் தெரியாமல் மறைந்தன. கிளிட்டஸின் விரல் சுவிட்சில் இறுகியது.

"விடுங்க கிளிட்டஸ். கைய எடுங்க," என்றார் உமாபதி குரலைத் தாழ்த்தி.

அவன் எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை. நீர், பொம்மை வீடுகள் நின்ற மேட்டின் அடியைச் சுற்றி ஏறி, ஓரத்திலிருந்த கடைசி வீட்டின் வாசலை எட்டி நின்றது. வடிகால் திறந்தது. வயல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, கறுத்து, பளபளவென்று, எண்ணெய் தடவியதுபோல. கடைசி வீட்டின் வெள்ளைச் சுவரில் ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்தது. கிளிட்டஸ் பழக்கத்தில் இடுப்பில் செருகியிருந்த துடைப்புத் துணியை உருவி அதைத் துடைக்கக் குனிந்தான்.

நாதியா பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். தாளில் வைக்கவில்லை. "கோடு இருக்கட்டும். இன்னொரு முறை," என்றார்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளிட்டஸ் பொத்தானை அழுத்தினான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். தண்ணீர் கரையைத் தாண்டி, கறுத்த வயல்களைத் தாண்டி, மேட்டின்மேல் மெதுவாக ஏறி, அந்தக் கோட்டைத் தேடி வந்துகொண்டிருந்தது.